டேமர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்: கார்ன்வால் பயண நாட்குறிப்பு

ஞாயிறு – சால்ட்டாஷ், ட்ரூரோ

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் கவுண்டியின் ட்ரூரோவுக்குப் போய்ச் சேர நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ப்ளிமத் தாண்டியதும் வண்டி மெதுவாகி, கார்ன்வாலின் எல்லையான டேமர் ஆற்றுக்கு மேலே ராயல் ஆல்பர்ட் பாலத்தில் ஏறுகிறது. பாலத்தின் முகப்பில் கட்டிய பொறியாளர் புரூனலின் பெயரும் 1859 என்ற வருடமும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே 1961-ல் வந்த சாலைப் பாலம். அதில் சுங்கம் ஒரு திசையில் மட்டும்தான். கார்ன்வாலுக்குள் வரும் காருக்குக் கட்டணம் இல்லை, வெளியே போகும்போது கட்ட வேண்டும். பாலத்தை இரண்டு பக்கத்து உள்ளாட்சிக் கவுன்சில்களும் சேர்ந்து நடத்துகின்றன.

ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இங்கே கடற்கரைக்குத்தான் வருவார்கள். நான் வந்தது வேறு காரணத்துக்காக. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், தாத்தாவும் அங்கேதான். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்த வந்தபோது, மேற்பார்வைக்குக் கூட்டிவந்த ‘மைன் கேப்டன்’களில் நிறையப் பேர் இந்தக் கார்ன்வால்காரர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் தர்மபுரி பக்கத்திலிருந்தும் போன நம் ஆட்கள் அவர்களுக்குக் கீழே இறங்கித் தோண்டினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் மூடப்பட்டது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் க்ராஃப்டி அதற்கு மூன்று வருடம் முன்னால், 1998 மார்ச் 6-ல் மூடியிருந்தது. ஒரே தொழிலை நம்பி நின்ற ஓர் ஊர், அந்தத் தொழில் போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது? இந்தக் கேள்வி எனக்கு வீட்டுப் பிரச்சினை மாதிரி. அதனால் இந்த வாரம் முழுக்கக் கடலைவிட ஆஸ்பத்திரி, பஸ், தண்ணீர், வீட்டு வாடகை, வேலை என்றுதான் எழுதப் போகிறேன்.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே கலெக்டர் கிடையாது. 2009 ஏப்ரல் 1-ல் ஆறு சிறு கவுன்சில்களையும் பழைய கவுண்டி கவுன்சிலையும் கலைத்து, கார்ன்வால் கவுன்சில் என்று ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 87 உறுப்பினர்கள். பள்ளி, சாலை, குப்பை, முதியோர் பராமரிப்பு, தீயணைப்பு எல்லாம் இவர்கள் தலையில். ஒரு விமான நிலையம்கூட இவர்களுடையதுதான். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம். போலீஸ் மட்டும் பக்கத்து டெவனோடு கூட்டு.

ட்ரூரோ ஸ்டேஷனுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். இங்கே நர்ஸாக இருக்கிறாள். “மாமா, ஸ்வெட்டர் போட்டுட்டு இறங்குங்க”ன்னு போனிலேயே சொல்லியிருந்தாள். மார்ச் கடைசி வாரம், காற்று எலும்பு வரைக்கும் போகிறது.

திங்கள் – ட்ரூரோ

ட்ரூரோதான் கவுண்டியில் நகரம் என்ற தகுதி உள்ள ஒரே ஊர். நடுவில் 1880-ல் தொடங்கி 1910-ல் கட்டி முடித்த பேராலயம், அதைச் சுற்றிக் கடைகள். அரை நாளில் நடந்து பார்த்துவிடலாம். ஊருக்கு மேற்கே ட்ரெலிஸ்க் என்ற இடத்தில் ராயல் கார்ன்வால் ஆஸ்பத்திரி. பெரிய அவசர சிகிச்சைப் பிரிவு கவுண்டி முழுவதற்கும் இது ஒன்றுதான்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் இதன் பொருள் புரியும். கார்ன்வால் நீளமான ஒரு தீபகற்பம், மூன்று பக்கமும் கடல். பென்சான்ஸில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் சுமார் 45 கிலோமீட்டர் வர வேண்டும். அங்கேயும் சிறு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அங்கே பார்க்க முடியாது. கிழக்கே சால்ட்டாஷ், லிஸ்கர்ட் பக்கத்து மக்கள் ஆற்றைத் தாண்டி ப்ளிமத்துக்குப் போகிறார்கள். வடக்கு ஓரத்தில் இருக்கும் ப்யூட் ஊருக்கு 1966-லிருந்து ரயிலே கிடையாது. இங்கிலாந்திலேயே மிகக் குறைவாகச் சம்பளம் வாங்கும் பகுதிகளில் இது ஒன்று. மக்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். ஓய்வுக்குப் பிறகு கடற்கரையில் குடியேறலாம் என்று இங்கே வருபவர்கள் அதிகம், படிப்பும் வேலையும் தேடிக் கிளம்பிப் போகும் இளையவர்கள் அதிகம். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் எத்தனை பேர், பார்த்துக்கொள்ள ஆட்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இடைவெளியை நிரப்புபவர்களில் என் அக்கா மகளைப் போன்றவர்கள் நிறைய. அவள் வார்டில் கேரளத்துப் பெண்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள், நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தேசிய சுகாதாரச் சேவையில் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. நோயாளியிடம் “எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்கவே வேண்டாத ஒரு வேலை கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்கிறாள். பல் மருத்துவர் கிடைப்பது மட்டும் பெரும்பாடு. அரசுத் திட்டத்தில் பல் பார்க்கும் மருத்துவர்கள் இந்தப் பகுதியில் போதவில்லை, வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

தங்கவயலில் கம்பெனி ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. சுரங்கத்தில் பாறை வெடித்து அடிபட்டவர்களைக் கொண்டுவந்து போட்டுக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி. கம்பெனி போனதோடு அதுவும் போயிற்று. இங்கே சுரங்கம் போன பிறகும் ஆஸ்பத்திரி நிற்பதற்குக் காரணம், அது கம்பெனியுடையதாக இல்லாமல் நாட்டினுடையதாக இருந்ததுதான். இதைக் காரிடாரில் நடந்தபோது நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இரவு சாப்பிடும்போதுதான் அவள் சொன்னாள். வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். கோடைக்கு வருபவர்களுக்கு வாரக்கணக்கில் விடுவதற்காக. மே மாதத்துக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். “இங்க வேலை கிடைக்குது மாமா, வீடுதான் கிடைக்கல.”

செவ்வாய் – கேம்போர்ன், பூல், ரெட்ரூத்

இதற்காகத்தான் வந்தேன். ஆகவே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரூரோவிலிருந்து ரெட்ரூத் வரைக்கும் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வயல்களுக்கு நடுவே கல் கட்டடங்கள் தெரியும். கூரை இல்லை, ஒரு மூலையில் உயரமான புகைபோக்கி. நீராவி இயந்திரம் வைத்துச் சுரங்கத்துத் தண்ணீரை இறைத்த எஞ்சின் வீடுகள் அவை. இங்கே ஆழம் போகப் போகத் தண்ணீர்தான் முதல் எதிரி. அந்தத் தண்ணீரை வெல்லத்தான் நீராவி இயந்திரங்கள் இங்கே மெருகேறின. கேம்போர்ன் பக்கத்தில் 1771-ல் பிறந்த ரிச்சர்ட் ட்ரெவிதிக் உயர் அழுத்த நீராவியைப் பழக்கியவர், ரயில் எஞ்சினுக்கு வழி போட்டவர். பூலில் உள்ள ஈஸ்ட் பூல் சுரங்கத்தில் 90 அங்குல சிலிண்டர் கொண்ட இறைப்பு இயந்திரத்தை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலிண்டருக்குள் நானும் நீங்களும் இன்னும் சிலரும் நிற்கலாம்.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகத்துக்குத் தாமிரம் கொடுத்ததில் கார்ன்வால் முதல் வரிசையில் இருந்தது. 1860-களில் தாமிர விலை விழுந்தது. சுரங்கக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். ஆஸ்திரேலியாவின் மூன்ட்டா, மெக்சிகோவின் பச்சூகா, தென்னாப்பிரிக்கா, அப்புறம் எங்கள் தங்கவயல். பச்சூகாவில் இன்றைக்கும் இவர்கள் கொண்டுபோன இறைச்சிப் பேஸ்டி விற்கிறது. தங்கவயலில் விட்டுப்போனது ஷாஃப்ட்களும் பங்களாக்களும் ஷிஃப்ட் சங்கும். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது, அந்தக் காலத்தில் பெரிய சாதனை. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. கார்ன்வாலில் பெரிதாகப் பேசப்படும் டோல்கோத் சுரங்கமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆழத்தில் நம் ஆட்கள் இவர்களை எங்கேயோ தாண்டிவிட்டார்கள் என்று பூலில் நின்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

வெள்ளீயம் இங்கே இன்னும் நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1985 அக்டோபரில் விலையைத் தாங்கிப்பிடித்திருந்த சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் பணமில்லாமல் கைவிரித்ததும் விலை சரிந்தது. கடலோரத்தில் இருந்த கீவர் 1990-லும், வீல் ஜேன் 1991-லும் மூடின. 1998-ல் சவுத் க்ராஃப்டியோடு முடிந்தது. வீல் ஜேனில் அதோடு நிற்கவில்லை. இறைப்பை நிறுத்திய சுரங்கத்தில் நீர் ஏறி, 1992 ஜனவரியில் அமிலமும் உலோகமும் கலந்த தண்ணீர் கார்னன் ஆற்றில் பாய்ந்து, ஃபால் கழிமுகம் வரைக்கும் காவி நிறமாக்கியது. அந்த நீரைச் சுத்தம் செய்யும் ஆலையை அரசுப் பணத்தில் இன்றும் ஓட்டுகிறார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அதற்குச் செலவு செய்ய ஒருவர் வேண்டும் என்பதை இங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய தங்கவயலின் சயனைட் மேடுகளில் ஆடி மாதக் காற்றில் பறக்கும் தூசியைச் சுவாசித்து வளர்ந்தவன் நான். எங்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சவுத் க்ராஃப்டியின் கம்பிவேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி திறக்கும் வேலை நடக்கிறது. கார்னிஷ் மெட்டல்ஸ் என்ற கம்பெனி 2023-ல் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தது. சுத்திகரித்து ஒரு நாளைக்கு 25,000 கன மீட்டர் வரை ரெட் ரிவர் என்ற ஆற்றில் விடும் அளவுக்கு ஆலை கட்டியிருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசின் தேசியச் செல்வ நிதி 2 கோடியே 86 லட்சம் பவுண்டு முதலீடு அறிவித்தது. 300-க்கு மேல் நேரடி வேலை வரும் என்கிறார்கள். மின்னணுச் சாதனம் எதுவானாலும் பற்றவைக்க வெள்ளீயம் வேண்டும், அதனால் விலை மறுபடி ஏறியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஒரு முதியவர், அங்கேயே வேலை பார்த்தவர், “திறந்தால் என் பேரன் போவான்” என்றார். அவர் குரலில் இருந்த நம்பிக்கையை நான் தங்கவயலில் எத்தனை தேர்தல் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்! இவருக்கு அது பலிக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி க்வென்னாப் பக்கம் யுனைடெட் டவுன்ஸ். 1819-லிருந்து இங்கே கன்சாலிடேட்டட் சுரங்கங்களை நடத்தியவர் ஜான் டெய்லர். தங்கவயல் கம்பெனியின் பெயரில் இருக்கும் அதே டெய்லர். அவர் தாமிரம் எடுத்த பகுதியில் இப்போது ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஆழத்துக்குக் கிணறு தோண்டி, சூடான கருங்கல்லிலிருந்து வெந்நீர் எடுக்கிறார்கள். மின்சாரம் தயாரிக்க அந்தச் சூடு, பேட்டரி செய்ய அந்த நீரில் கரைந்திருக்கும் லித்தியம். தீர்ந்துபோனது என்று கைவிட்ட நிலத்துக்கு வேறு விதமான மதிப்பு வந்திருக்கிறது.

மாலையில் ரெட்ரூத்தில் க்ரெசென் கெர்னோ. 2019-ல் ஒரு பழைய மதுபான ஆலைக் கட்டடத்தைப் புதுப்பித்துக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. சுரங்க வரைபடங்கள், கம்பெனிக் கணக்குகள், கப்பல் ஏறியவர்களின் கடிதங்கள். எனக்கு எதிர் மேசையில் ஒரு பெண்மணி தன் கொள்ளுத்தாத்தா எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்று தேடிக்கொண்டிருந்தார். கேட்டதை எடுத்துக் கொடுத்து, எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவதற்கும் ஆள் இருக்கிறார். தொழிலாளியின் பேத்திக்கு இதைச் செய்து கொடுப்பதையும் பொதுச் சேவையாக எண்ணும் ஊரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

புதன் – செயின்ட் ஆஸ்டெல்

மலைகள் வெள்ளையாக இருக்கின்றன. பீங்கானுக்கும் காகிதத்துக்கும் போகும் வெள்ளைக் களிமண் இந்த ஊரின் சொத்து. வில்லியம் குக்வொர்த்தி 18-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்தது. சிதைந்த கருங்கல்லைத் தண்ணீர்ப் பீரங்கியால் அடித்துக் கரைத்துக் களிமண்ணைப் பிரிப்பார்கள். மிச்சமாகும் மணலும் மைக்காவும் களிமண்ணைவிடப் பல மடங்கு. அவற்றைக் கொட்டிக் கொட்டி வந்தவைதான் இந்த மலைகள். 1999-ல் தொழில் இமெரிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்குப் போனது. 2006-ல் காகிதக் களிமண்ணின் பெரும்பகுதியை அவர்கள் பிரேசிலுக்கு மாற்ற, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. தொழில் சாகவில்லை, சுருங்கிவிட்டது. செயின்ட் டென்னிஸ் பக்கத்தில் ட்ரெலாவர் என்ற பழைய குழியில் இப்போது லித்தியத்துக்கு முயற்சி நடக்கிறது.

பஸ் பிடித்து ஈடன் ப்ராஜெக்ட் போனேன். களிமண் எடுத்துத் தீர்ந்த குழிக்குள் பெரிய குமிழ்க்கூடங்கள், உள்ளே மழைக்காடு. லாட்டரி நிதியும் ஐரோப்பிய நிதியும் போட்டுக் கட்டியது. வாழை, ரப்பர், கோகோ எல்லாம் கண்ணாடி போன்ற கூரைக்குக் கீழே செழிப்பாக வளர்கின்றன. திறந்த தேதியைப் பார்த்தேன்: 2001 மார்ச் 17. தங்கவயலை மூடி மூன்று வாரம்கூட ஆகாத நாள். அதே மாதத்தில் எங்கள் ஊரில் வேலை போனது நாலாயிரம் குடும்பங்களுக்கா ஐயாயிரம் குடும்பங்களுக்கா என்று கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு காலிக் குழிக்குள் மரம் நட்டு முடித்திருந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஈடன் மீது அல்ல.

பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கார்ன்வாலின் உற்பத்தி ஐரோப்பிய சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்ததால், 2000-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகபட்ச உதவி பெறும் பகுதியாக இருந்தது. பென்ரினில் பல்கலைக்கழக வளாகம், 2010-க்குப் பிறகு கிராமம் கிராமமாக இழுத்த கண்ணாடி இழைக் கம்பி எல்லாவற்றிலும் அந்த நிதி உண்டு. இணையத் திட்டம் மட்டும் 13 கோடியே 20 லட்சம் பவுண்டு, அதில் 5 கோடியே 35 லட்சம் ஐரோப்பியப் பணம். 2016 வாக்கெடுப்பில் கார்ன்வாலில் 56.5 சதவீதம் பேர் ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தார்கள். வெளியில் இருப்பவர்கள் இதைப் புரியாத்தனம் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வளாகமும் கம்பியும் வந்தன. வீட்டு வாடகைக்கு ஈடு கொடுக்கும் சம்பளம் வரவில்லை. அப்புறம் எதை வைத்து நன்றி சொல்வார்கள்?

வியாழன் – செயின்ட் ஐவ்ஸ்

செயின்ட் எர்த்தில் வண்டி மாறி, கடல் ஓரமாகவே போகும் சின்னக் கிளைப்பாதையில் ஏறினால் செயின்ட் ஐவ்ஸ். வழியில் கார்பிஸ் பே, 2021-ல் ஜி-7 தலைவர்கள் கூடிய இடம். தண்ணீரின் நிறத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதெல்லாம் உண்மைதான். பழைய எரிவாயு ஆலை இருந்த இடத்தில் 1993-ல் திறந்த டேட் கலைக்கூடம் அழகாக இருக்கிறது.

நான் பார்த்தது தெருக்களை. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் மாலை ஆறரைக்கு நடந்தேன். வீடு வீடாக இருட்டு. கதவுப் பக்கத்தில் சாவி வைக்கும் சின்ன எண்பூட்டுப் பெட்டிகள். ஊரில் ஏறக்குறைய நாலில் ஒரு வீடு, வேறு எங்கேயோ வசிப்பவர்களின் இரண்டாவது வீடு அல்லது விடுமுறை வாடகை வீடு. மீன் பிடித்தவர்கள் வாழ்ந்த வீடுகள் இவை. கவுண்டி முழுக்க 13 ஆயிரத்துக்குக் குறையாத இரண்டாம் வீடுகள் உண்டு. இன்னொரு பக்கம் குறைந்த வாடகை வீட்டுக்காகக் கவுன்சிலின் பதிவேட்டில் காத்திருக்கும் குடும்பங்கள் 20 ஆயிரத்தைத் தாண்டியவை.

2016 மே மாதம் இந்த ஊர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். புதிதாகக் கட்டும் வீடு, நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு மட்டும்தான் என்ற விதிக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. கட்டுமானக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், விதி நின்றது. ஆனால் பழைய வீடுகளை அது தொடவில்லை. துறைமுகத்துச் சந்து முழுக்கப் பழைய வீடுதான். 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீட்டுக்குக் கவுன்சில் வாங்கும் வீட்டு வரி இரட்டிப்பு. இதுவாவது ஒழுங்காக வேலை செய்யட்டும். ஊருக்கு வருபவர்கள் காபிக் கடையில் செலவு செய்வது உண்மை. அந்தக் காபிக் கடையில் வேலை பார்ப்பவர் எங்கே தூங்குகிறார் என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

தண்ணீர்க் கட்டணமும் இதே கதைதான். 1989-ல் தண்ணீர் வாரியங்கள் தனியார்மயமானபோது, தென்மேற்குப் பகுதியில் நாட்டு மக்கள்தொகையில் 3 சதவீதம்தான், குளிக்கும் கடற்கரைகளில் ஏறக்குறைய 30 சதவீதம். கடலில் கழிவு போகாமல் தடுக்கும் செலவு முழுவதும் அந்த 3 சதவீதம் பேர் தலையில் ஏறியது. பாரம் அதிகம் என்று ஒப்புக்கொண்டு 2013-லிருந்து அரசே வீட்டுக்கு வருடம் 50 பவுண்டு கழித்துக்கொடுத்தது. கடலுக்காகக் குரல் கொடுக்கும் ‘சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சீவேஜ்’ அமைப்பு 1990-ல் பக்கத்து செயின்ட் ஆக்னெஸில் ஆரம்பித்தது. பலகை எடுத்து அலையில் விளையாடப் போன இளைஞர்கள் உடம்புக்கு முடியாமல் வந்து தொடங்கியது. பெரிய மழைக்குப் பிறகு கடலில் இறங்குமுன் இன்றும் மக்கள் கைபேசியில் எச்சரிக்கை பார்க்கிறார்கள்.

வெள்ளி – நியூக்கீ, ஃபால்மத்

நாள் முழுக்க மழை, சுருக்கமாக. நியூக்கீ விமான நிலையம் கவுன்சிலுடையது. லண்டன் வழித்தடம் நிற்காமல் இருக்க அரசு மானியம் கொடுத்துவந்திருக்கிறது. அங்கேயே ஒரு விண்வெளித் தளம். 2023 ஜனவரி 9-ல் விமானத்தின் இறக்கைக்குக் கீழே ராக்கெட் கட்டிப் பறந்தார்கள், செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை, சில மாதத்தில் அந்தக் கம்பெனி திவாலானது. இந்த மாதிரி ஒரே பாய்ச்சல் திட்டங்களைவிட, ஃபால்மத் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறைகள் எனக்கு உறுதியாகத் தெரிகின்றன. ஆழமான இயற்கைத் துறைமுகம், கைவேலை தெரிந்தவர்கள், பயிற்சிக்கு எடுக்கும் இளைஞர்கள். பக்கத்தில் பென்ரின் வளாகத்தில்தான் கேம்போர்ன் சுரங்கப் பள்ளி இப்போது இருக்கிறது. 2004-ல் இடம் மாறி வந்தது.

ரயிலுக்குப் போகும் வழியில் டாஃபடில் வயல்கள். கடைசிப் பறிப்பு. மழையில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பருவகால விசாவில் வந்தவர்கள்.

சனி – நியூலின், மவ்ஸல், போர்த்கர்னோ

நியூலின் மீன்பிடித் துறைமுகம் விடிவதற்கு முன்னாலேயே விழித்திருக்கிறது. ஹேக், மாங்க்ஃபிஷ், கானாங்கெளுத்தி வகை மீன்கள், மத்தி. பில்சர்ட் என்ற பெயரில் யாரும் வாங்காத மீனை ‘கார்னிஷ் சார்டின்’ என்று விற்க ஆரம்பித்துப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். பிடிபடுவதில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் போகிறது. ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகு ஏற்றுமதிக் காகிதங்கள் கூடின. கெடக்கூடிய சரக்குக்குக் காகிதம்தான் எமன். துறைமுக அலைதடுப்புச் சுவரில் ஒரு சின்னக் கட்டடம்: 1915 முதல் 1921 வரை இங்கே அளந்த கடல் மட்டம்தான் பிரிட்டன் முழுக்க மலை உயரங்களைக் கணக்கிட அடிப்படை.

மவ்ஸல் பக்கத்திலேயே. 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்றப் போன உயிர்காப்புப் படகில் இந்தக் கிராமத்து எட்டுப் பேரும் திரும்பவில்லை. எட்டுப் பேரும் தன்னார்வலர்கள். இந்தச் சேவை அரசினுடையது அல்ல, மக்கள் போடும் நன்கொடையில் நடக்கிறது. பிரிட்டனின் முதல் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரும் 1987-ல் கார்ன்வாலில்தான் பறந்தது, அதுவும் நன்கொடையில்தான். நூலகங்களையும் பொதுக் கழிப்பறைகளையும் காசில்லாமல் பெரிய கவுன்சில் சிறு ஊர்க் கவுன்சில்களிடம் ஒப்படைத்துவிட்டது. கட்டிக் காப்பாற்றும் மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனசை நம்பியே எவ்வளவு தூரம் ஓட்டுவது என்பதை லண்டனில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மதியம் போர்த்கர்னோ. 1870-ல் இந்தச் சின்னக் கடற்கரையில்தான் பம்பாய் வரை போகும் தந்திக் கம்பித் தொடர் கரையேறியது: லிஸ்பன் பக்கம், ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாக. தங்கவயலிலிருந்து லண்டன் தலைமையகத்துக்குப் போன தந்திகளுக்கும் இந்தப் பாதை இருந்தது. மணலில் கம்பி நுழைந்த குடிசையைப் பார்க்கலாம், மேலே அருங்காட்சியகம்.

பென்சான்ஸ் திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போது அக்கா மகளிடமிருந்து போன். கேம்போர்னில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. பழைய சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடு, இரண்டு அறை, வாடகை ட்ரூரோவைவிடக் குறைவு. 2019 டிசம்பரிலிருந்து இந்தப் பாதையில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு ரயில் ஓடுவதால் ட்ரூரோ போவது சிரமமில்லை, அங்கிருந்து ட்ரெலிஸ்க்குக்குப் பஸ். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்குத்தான் வண்டி சரியாக அமையவில்லையாம். “சைக்கிள் வாங்கிக்கவா மாமா?” என்று கேட்டாள். மே முதல் தேதி குடிபோகிறாள். நான் அவளுக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கப் பென்சான்ஸ் கடைத்தெருவில் இறங்கினேன்.